பாதி அளவில் ஒரு பெஜோ சிலிண்டர்

வால்வு உள்ளே போகவில்லை. சிலிண்டர் வார்ப்பைப் பட்டறை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கீழ்வாய் வழியாக வால்வை இரண்டு விரலால் பிடித்து, அதன் தண்டைக் கைடுக்குள் (தண்டு நேராக நகர வழிகாட்டும் குழல்) நுழைக்க வேண்டும். தண்டின் நுனி கைடைத் தொடுவதற்கு முன்பே வால்வின் தலை எதிர்ச்சுவரில் முட்டி நிற்கிறது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். வெர்னியரை வைத்து அளந்தால் இன்னும் 6 மி.மீ. இடம் வேண்டும். நாலு மாதமாக வரைந்து, மரத்தில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்து, வார்ப்பு எடுத்து, போர் (உள்துளை) கடைந்து முடித்த சிலிண்டர் இது.

நான் செய்துகொண்டிருப்பது 1912-ஆம் ஆண்டு பெஜோ எல்76 பந்தயக் காரின் ஒரு சிலிண்டரை, பாதி அளவில். இது ஓடுகிற என்ஜின் கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும், மேலே, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுகள் (கேம்) உள்ள இரண்டு கேம் ஷாஃப்ட்டும் சுழலும், நான்கு வால்வும் முறைப்படி திறந்து மூடும். ஒரு பக்கச் சுவரில் ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே நடப்பது தெரியும்படி விட்டிருக்கிறேன். இன்று தெருவில் போகிற கார்களில் பெரும்பாலானவை சிலிண்டருக்கு நாலு வால்வு, மேலே இரண்டு கேம் என்ற அமைப்பில்தான் ஓடுகின்றன. கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் அந்த அமைப்பு முதலில் வென்றது இந்த என்ஜினில். அதனால்தான் இதை எடுத்தேன்.

அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் தியேப் ஊரில், 1912 ஜூன் 25, 26 என்று இரண்டு நாள் நடந்தது. ஒரு சுற்று ஏறக்குறைய 77 கி.மீ.; நாளுக்குப் பத்துச் சுற்று; மொத்தம் 1,540 கி.மீ., எல்லாம் சாதாரணச் சாலையில். எதிரே நின்றது ஃபியட் எஸ்74. நாலே சிலிண்டரில் 14.1 லிட்டர், பின்சக்கரத்துக்குச் செயின். பெஜோவுக்கும் நாலு சிலிண்டர்தான், ஆனால் 7.6 லிட்டர். இரண்டு என்ஜினுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒன்றே, 200 மி.மீ. சிலிண்டரின் உள்விட்டமான போர் மட்டும் ஃபியட்டில் 150, பெஜோவில் 110. முதல் நாள் முடிவில் ஃபியட்டை ஓட்டிய டேவிட் புரூஸ்-பிரவுன் முன்னிலையில் இருந்தார். மறுநாள், பெட்ரோல் நிரப்ப ஒதுக்கிய பிட்டுக்கு வெளியே நிரப்பியதால் அவரைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். பெஜோவின் ஜார்ஜ் புவாயோ 13 மணி 58 நிமிடத்தில் முடித்து வென்றார். இரண்டாவதாக வந்த ஃபியட்டின் லூயி வாக்னர் 13 நிமிடம் பின்தங்கியிருந்தார். பாதிக் கொள்ளளவு என்ஜின் 14 லிட்டரை ஜெயித்தது எப்படி என்பதைக் கையால் செய்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது.

பாதி அளவு என்றால் போர் 55 மி.மீ., ஸ்ட்ரோக் 100 மி.மீ. நீளம் பாதியாகும்போது கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். எனக்கு வந்தது சுமார் 238 சிசி. அசலில் ஒரு சிலிண்டர் மட்டும் 1.9 லிட்டர்.

வால்வுகளை 100 சிசி பைக்குகளின் பழைய வால்வுகளிலிருந்து எடுத்தேன். தண்டு 5 மி.மீ.; தலையை லேத்தில் 22 மி.மீ.க்குக் குறைத்தேன். இரண்டு வரிசைக்கும் இடையே 60 டிகிரி. கூரை வீட்டின் இரு சாய்வு போல எரியறை. ஒரு சாய்வில் இரண்டு இன்லெட் (காற்று உள்ளே வரும் வால்வு), மறு சாய்வில் இரண்டு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு), முகட்டின் நடுவில் ஸ்பார்க் பிளக். 55 மி.மீ. வட்டத்துக்குள் இந்த நான்கையும் அடக்க மூன்று தாள் வரைய வேண்டியிருந்தது. 23 மி.மீ. வால்வு போட்டால் இடையில் நிற்கும் பாலம் மெலிந்துவிடுகிறது. 22-இல் 3 மி.மீ. பாலம் கிடைக்கிறது.

இதே போரில் இரண்டே வால்வு போட்டிருந்தால் ஒவ்வொன்றும் 30 மி.மீ. வரை வைத்திருக்கலாம். சரி, நாலு போட்டதில் என்ன லாபம்? நானும் முதலில் துளையின் பரப்பைத்தான் கணக்குப் பார்த்தேன். 30 மி.மீ. வால்வு ஒன்றோடு ஒப்பிட்டால், 22 மி.மீ. வால்வுகள் இரண்டின் பரப்பு ஏழெட்டு சதவீதம்தான் கூடுதல். இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றியது. அப்புறம் வால்வைச் சீட்டில் (அது மூடி உட்காரும் விளிம்பு) வைத்து ஒரு மி.மீ. தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. காற்று போவது வால்வின் விளிம்பைச் சுற்றியிருக்கிற இடுக்கு வழியாக. ஆகவே சுற்றளவுதான் கணக்கு. 22-ம் 22-ம் 44. அந்தப் பக்கம் 30. ஒரே உயரத்துக்குத் தூக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வழி திறக்கிறது. ஒரு வால்வை அதன் விட்டத்தில் கால்பங்கு தூக்கினால் விளிம்பு வழியும் துளைப் பரப்பும் சமமாகிவிடும், அதற்கு மேல் தூக்குவதில் பெரிய பயனில்லை. 30 மி.மீ. வால்வை அந்த அளவுக்கு 7.5 மி.மீ. தூக்க வேண்டும். 22-க்கு 5.5 போதும்.

எடையும் பார்த்தேன். தராசில் என் 22 மி.மீ. வால்வு 21 கிராம் காட்டியது. பெரிய பைக் ஒன்றின் 30 மி.மீ. வால்வு 43 கிராம். பாதி எடை, தூக்கும் உயரமும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கேம் விட்ட பிறகு வால்வைத் திரும்பச் சீட்டில் உட்கார வைக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கு வேலை எவ்வளவு குறைகிறது! 1912-இல் நல்ல ஸ்பிரிங் கம்பி கிடைப்பது அரிது. ஸ்பிரிங் முறிவது பந்தயத்தில் வாடிக்கை. வால்வை இலேசாக்கி, அதன் தண்டின் நுனிக்கு மேலேயே கேமைக் கொண்டுவந்து வைத்தால், நடுவில் நீளமான தள்ளுகோலும் ராக்கரும் ஆடாது. என்ஜினை வேகமாகச் சுற்றவிடலாம். எல்76 நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 130 குதிரைத்திறனுக்குக் குறையாமல் கொடுத்தது. 2,200 என்பது இன்று சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 200 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அந்தச் சுற்று என்றால், பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 14.7 மீட்டர்.

வார்ப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்கில் பேட்டர்ன், வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்கு நூற்றுக்கு ஒன்று கூட்டிக்கொண்டேன். இன்லெட், எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்கு (காற்றும் புகையும் போகும் வழிகள்) இரண்டு கோர் பெட்டி; வார்ப்புக்குள் வெற்றிடம் விடும் மணல் உருதான் கோர். தண்ணீர் ஜாக்கெட்டை விட்டுவிட்டேன். அதையும் சேர்த்தால் கோர் நிற்காது. கோவையில் நான் கொடுத்த ஃபவுண்டரியில் முதல் வார்ப்பில் எக்ஸாஸ்ட் கோர் நகர்ந்து, போர்ட்டின் சுவர் ஒரு பக்கம் 2 மி.மீ.க்கு வந்துவிட்டது. இரண்டாவதில் சீட் வரவேண்டிய இடத்திலேயே ப்ளோ ஹோல் (காற்றுக் குழி). மூன்றாவதுதான் தேறியது.

இதில் முக்கியமானது, சிலிண்டரும் அதன் மேல்மூடியான ஹெட்டும் ஒரே வார்ப்பு. பெஜோவில் அப்படித்தான் இருந்தது. தனி ஹெட் என்றால் நடுவில் கேஸ்கட் வேண்டும், அதை இறுக்கப் போல்ட்டுகள் வேண்டும், அந்தப் போல்ட்டுகள் வால்வுக்கும் போர்ட்டுக்கும் போக வேண்டிய இடத்தைத் தின்னும். அந்தக் காலத்துக் கேஸ்கட்டை நம்பி 1,540 கி.மீ. ஓடவும் முடியாது. இணைப்பே இல்லையென்றால் கசிவே இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: வால்வு வேலை முழுவதையும் போரின் அடிவாய் வழியாகத்தான் செய்ய வேண்டும். அந்த விலையைத்தான் 6 மி.மீ. பற்றாக்குறையாக நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். வால்வு 30 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அதைத் தண்டின் நீளத்துக்குக் கீழே இழுத்தால், சாய்ந்த திசையிலேயே போய் எதிர்ச்சுவரில் முட்டும். வரைபடத்தில் வால்வை அதன் இடத்தில் உட்கார வைத்துத்தான் வரைந்திருந்தேன். உள்ளே வரும் பாதையை வரையவில்லை.

எனக்கு லேத் வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பம்பு செய்கிற ஆலையில் நாற்பது வருஷம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் டீ குடிக்க வந்தவர் வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கைடை எதுக்குங்க தம்பி மொதல்லயே அடிச்சீங்க? வால்வை உள்ள விட்டுட்டு, அப்பறமா மேல இருந்து கைடை எறக்குங்க.”

அவ்வளவுதான். கைடு இருக்கும்போது துளை 5 மி.மீ. கைடு இல்லையென்றால் 12 மி.மீ. அதற்குள் தண்டைச் சாய்த்து நுழைக்க இடம் தாராளம். அடித்து இறக்கிய நான்கு கைடையும் தட்டி எடுத்தேன். கன்மெட்டலில் புதிதாகக் கடைந்தேன். இந்தத் தடவை மேலே ஒரு சின்ன ஃபிளாஞ்ச் விட்டு, 3 மி.மீ. ஸ்க்ரூ இரண்டில் பிடிக்கிற மாதிரி. துளைக்கும் கைடுக்கும் கையால் தள்ளினால் போகிற பொருத்தம். கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் உட்கார்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தேன், 0.01 மி.மீ.க்குள் வந்தது.

சீட் வெட்டுவது அடுத்த சிக்கல். வழக்கமான சீட் கட்டரை மேலிருந்து அழுத்துவோம். இங்கே மேலிருந்து கட்டர் போகாது. அதனால் கட்டரைக் கீழ்வாய் வழியாக உள்ளே விட்டு, அதன் 5 மி.மீ. தண்டு கைடு வழியாக மேலே வரும்படி செய்து, மேலே ஒரு குறுக்குப் பிடி மாட்டி, இழுத்துக்கொண்டே சுற்றினேன். சில்வர் ஸ்டீலில் நானே ஆறு பல் வெட்டி, கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் நனைத்துக் கடினமாக்கிய கட்டர். மெதுவாகத்தான் வெட்டியது, ஆனால் நடுங்காமல் வெட்டியது.

அப்புறம் வால்வு கிரைண்டிங். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வால்வின் முகத்தில் நாலு பொட்டு கிரைண்டிங் பேஸ்ட். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற தண்டில் ஒரு ரப்பர் டியூபைச் சொருகி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்து கடைவது போல அரைச்சுற்று இப்படி, அரைச்சுற்று அப்படி. முதலில் கரகரவென்று மணல் மிதிக்கிற சத்தம். சத்தம் மெல்ல அடங்கி வழுவழுப்பாகும்போது தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி பேஸ்ட். துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம். முதல் சீட்டில் அந்த வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தது; அரிசி நீளத்துக்கு ஒரு பளபளப்பு. அந்த அரிசி மறைய ஒரு மணி நேரம் ஆனது. நான்கும் முடிந்தபின் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் எரியறை காய்ந்தே இருந்தது.

கேமில் ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கேமின் பக்கங்களை நேர்கோடாக வரைந்திருந்தேன். தட்டையான முகமுள்ள டேப்பட்டுக்கு (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கும் தள்ளி) நேர்க்கோட்டுக் கேம் ஆகாது. டேப்பட்டின் முகமும் கேமின் பக்கமும் இரண்டு பலகைகள் போல ஒரே நொடியில் ஒட்டுகின்றன. தொடுபுள்ளி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவுகிறது. கைப்பிடியைச் சுற்றும்போது ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்று ஓர் அடி. கையால் சுற்றும்போதே இப்படி என்றால், ஓடுகிற என்ஜினில் வால்வு என்ன பாடுபடும்! மறுபடி வரைந்தேன். அடிவட்ட ஆரம் 10 மி.மீ., தூக்கும் உயரம் 5, மூக்கின் ஆரம் 4, பக்கவாட்டு வில்லின் ஆரம் 56. எல்லா இடமும் வெளிப்பக்கமாகவே வளைந்திருக்க வேண்டும், அதுதான் சூத்திரம். ரோட்டரி டேபிளில் இரண்டிரண்டு டிகிரியாக வெட்டி, படிகளை அரத்தால் வழித்து, கடைசியில் எண்ணெய்க்கல். இப்போது தொடுபுள்ளி நடுவிலிருந்து 8.6 மி.மீ. வரை நகர்கிறது, டேப்பட்டின் விட்டம் 20 என்பதால் விளிம்புக்குள்ளேயே நிற்கிறது.

கேமுக்குச் சக்தி போவதற்கு எல்76-இல் முன்பக்கம் ஒரு செங்குத்து ஷாஃப்ட்டும் பெவல் கியர்களும் (சாய்ந்த பல்சக்கரங்கள்) இருந்தன. 1913-இல் வந்த பெஜோ பந்தய என்ஜின்களில் அதை விட்டுவிட்டு வரிசையாகப் பல்சக்கரங்களுக்கு மாறினார்கள். நல்ல பெவல் கியர் வெட்ட என்னிடம் வசதி இல்லாததால் நானும் 1913 முறையையே எடுத்துக்கொண்டேன்: கிராங்க்கில் 24 பல், கேம்களில் 48 பல், நடுவில் ஐட்லர்கள் (சுழற்சியைக் கடத்தும் இடைப் பல்சக்கரங்கள்). எல்லாம் மாட்டிச் சுற்றினேன். பிஸ்டன் இறங்குகிறது, இன்லெட் இரண்டும் திறக்கின்றன, கூடவே எக்ஸாஸ்ட் இரண்டும் திறக்கின்றன! நான்கும் ஒன்றாக.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எக்ஸாஸ்ட் கேமின் கீவேயை (கியரைப் பூட்டும் காடி) இன்லெட்டுக்குக் கண்ணாடிப் பிம்பமாக வெட்டியிருந்தேன், இரண்டும் எதிரெதிராகச் சுழலும் என்ற நினைப்பில். ஒரே ஐட்லர்தான் இரண்டையும் சுற்றுகிறது. ஆகவே இரண்டும் ஒரே திசையில்தான் சுழலும். கணக்குப் போட்டால் கேமில் 105 டிகிரி தப்பு. 48 பல்லில் ஒரு பல் 7.5 டிகிரி, 14 பல் தள்ளி மாட்டினால் சரியாக 105. மாட்டினேன், வரிசை சரியானது. இன்னும் கிராங்க்கில் 6 டிகிரி பின்தங்கல் இருந்தது. ஒரு பல் மாற்றினால் கிராங்க்கில் 15 டிகிரி போய்விடும், அது உதவாது. கியரில் 13 துளை, கேமின் ஃபிளாஞ்ச்சில் 12 துளை போட்டு, எந்த ஜோடி நேருக்கு நேர் வருகிறதோ அதில் ஒரு போல்ட். ஒரு துளை தாண்டினால் கிராங்க்கில் 4.6 டிகிரி நகரும். மிச்சம் ஒன்றரை டிகிரிக்குள் நிற்கிறது. கியர்ப் பற்களுக்கு இடையிலான தளர்வே (பேக்லாஷ்) அவ்வளவு இருக்கும்.

கேம்களை ஹெட்டோடு ஒட்டாமல் தூண்கள் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். நடுவில் ஸ்பிரிங்குகள் வெளியே தெரியும். ஹென்றியின் என்ஜின்களின் பழைய புகைப்படங்களில் அப்படித்தான் தெரிகிறது. காற்றுப் பட்டு ஸ்பிரிங் குளிரும், முறிந்தால் உடனே கண்ணில் படும்.

ஹென்றி என்ற பெயர் இப்போதுதான் வருகிறது. எர்னஸ்ட் ஹென்றி, ஜெனிவாவில் 1885-இல் பிறந்தவர், வரைபடக்காரர். புவாயோ, ஜூல் கூ, பவுலோ சுக்கரெல்லி ஆகிய மூன்று ஓட்டுநர்களும் ரொபேர் பெஜோவிடம் போய்த் தனியாக ஒரு பந்தயக் கார் செய்ய அனுமதி வாங்கினார்கள். வரைந்துகொடுக்க ஹென்றியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆலையின் பொறியாளர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் ‘சார்லதான்’, போலிகள் என்று பொருள். சுக்கரெல்லி அதற்கு முன் ஹிஸ்பானோ-சுய்சா கார் கம்பெனியில் இருந்தவர். அங்கே தலைமை வடிவமைப்பாளர் மார்க் பிர்கிக்ட், அவரும் ஜெனிவாக்காரர். யோசனை பிர்கிக்ட்டுடையது, சுக்கரெல்லி வழியாக வந்தது, ஹென்றி வெறுமனே வரைந்தார் என்று ஒரு கட்சி நெடுங்காலமாக வாதாடுகிறது.

‘வெறுமனே வரைந்தார்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 55 மி.மீ. வட்டத்தில் நாலு வால்வை அடக்க நான் மூன்று தாள் கிழித்தேன், அதுவும் கணினியும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு. வால்வு உள்ளே வரும் பாதையை மறந்தேன். அவர் மறக்கவில்லை, அந்தக் கார் ஓடியது. அதே சமயம் எந்த ஸ்பிரிங் எங்கே முறியும் என்று ஓட்டுநர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். சுக்கரெல்லி 1913 ஜூனில் சோதனை ஓட்டத்தில் வண்டி ஒன்றில் மோதி இறந்தார். புவாயோ 1916-இல் போர் விமானியாக வெர்தன் பகுதியில் வீழ்ந்தார். ஹென்றி போருக்குப் பின் பலோ, சன்பீம் என்ற கார் கம்பெனிகளுக்குப் பந்தய என்ஜின்கள் வரைந்தார், 1950-இல் காலமானார்.

அவர்களின் என்ஜின் கடல் தாண்டிப் போனதும் ஒரு பட்டறைக் கதைதான். 1913-இல் கூ ஒரு எல்76-ஐக் கொண்டுபோய் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்றார். பிறகு அமெரிக்க ஓட்டுநர் பாப் பர்மனின் பெஜோ என்ஜின் உடைந்தது. ஐரோப்பாவில் போர், உதிரிபாகம் வராது. லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி மில்லரின் பட்டறை அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது. பழுது பார்க்க வந்த என்ஜினைப் பிரித்து அளந்த கைகள் அங்கேயே கற்றுக்கொண்டன. மில்லர், அவருடைய ஃபோர்மேன் ஃபிரெட் ஆஃபன்ஹவுசர், பின்னால் வந்த வரைபடக்காரர் லியோ கூசன், இந்த வரிசையில் வளர்ந்தது ஆஃபி என்ஜின். இரண்டு கேம், ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. இண்டியானாபோலிஸில் அது கடைசியாக வென்றது 1976-இல்.

போன ஞாயிறு எல்லாம் பூட்டி, டேப்பட் இடைவெளி 0.15 மி.மீ. வைத்தேன். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப நேரம் பேசாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எக்ஸாஸ்ட் மூடுகிறது, இன்லெட் திறக்கிறது, அந்த இடத்தில் வந்ததும் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

“இதை வரைஞ்சவர் பேரு என்னங்க?”

சொன்னேன். மற்ற மூவரையும் சொன்னேன். சட்டத்தில் ஒட்ட ஒரு பித்தளைத் தகடு வெட்டியிருந்தேன். அதில் நாலு பேரையும் எழுத்துப் பஞ்ச் வைத்து அவரே அடித்துத் தந்தார். ஹென்றியின் பெயரை முதலில் அடித்தார்.

பாக்கி வேலை: எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டாவது டேப்பட் 0.20 காட்டுகிறது, 0.05 ஷிம் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு) ஒன்று வெட்ட வேண்டும். ஜன்னல் வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கிறது, கையைக் கிழிக்கும்; அரம் போட வேண்டும்.